பரோட்டா மாஸ்டரின் தோளும் ஏழு சீசாக்களும்: ஒரு தசைநோய் நிகழ்வு ஆய்வு

முதல் சந்திப்பில் அவர் தம் நோயைப் பற்றிப் பேசவில்லை. தேக்காவில் காய்கறி வாங்குகிற துணிப்பை ஒன்றை என் மேசைமேல் வைத்து, அதிலிருந்து சீசாக்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். மொத்தம் ஏழு. பெயரும் படமும் இருந்த முன்பக்கம் எனக்குத் தெரியும்படி, கடையில் அடுக்குவதைப் போலவே, நேராகத் திருப்பி வைத்தார்.

"மாதம் முந்நூறு வெள்ளிக்கு மேல் ஆகிறது, தங்கச்சி. எது வேலை செய்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை நிறுத்திவிடுகிறேன்."

நான் முதல் சீசாவை எடுத்துத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கினேன். அடுத்த ஒன்பது மாதச் சிகிச்சையில் பாதி அங்கேதான் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவருடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முன்கதை

வயது 46. சிங்கப்பூரில் பிறந்தவர். காப்பிக்கடை ஒன்றில் அப்பா நடத்திய பரோட்டாக் கடையை இருபது ஆண்டுகளாக நடத்துகிறார். அதிகாலை நான்கு மணிக்கு மாவு, ஆறு மணிக்குக் கல் சூடு, மதியம் இரண்டுக்கு மூடல். 39 வயதில் இடது தோள் உயர மறுத்தது. உறைதோள் என்று சொல்லி ஊசி போட்டார்கள், ஓராண்டு போனது. அப்புறம் வலது தோளும் தளர்ந்தது. சட்டையைக் கழற்றி நின்றபோது முதுகில் தோள்பட்டை எலும்புகள் சிறகுபோல் விரிந்து நிற்பதைப் பார்த்த மருத்துவர் ஒருவர் நரம்பியல் பிரிவுக்கு அனுப்பினார். மரபணுச் சோதனையில் விடை வந்தது: முகம்-தோள்-மேற்கைத் தசைச்சிதைவு, சுருக்கமாக எஃப்எஸ்ஹெச்டி.

பிரெஞ்சு மருத்துவர்கள் லாண்டூசியும் டெஜெரினும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவரித்த நோய் இது. நான்காம் குரோமோசோமின் நுனியில் டி4இசட்4 என்ற மரபுத்துண்டு திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலோருக்கு அது பதினொன்றுக்கு மேல், நூறு வரைகூட இருக்கும். இந்நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பத்து அல்லது அதற்கும் குறைவு. துண்டுகள் குறையும்போது, கருவின் தொடக்க நாட்களுக்குப் பிறகு உறங்கிக் கிடக்க வேண்டிய டக்ஸ்4 என்ற மரபணு தசைக்குள் விழித்துக்கொண்டு அதை நஞ்சாக்குகிறது. இவருக்கு ஏழு துண்டுகள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. "அப்பா கண்ணைத் திறந்துகொண்டுதான் தூங்குவார். கடையில் திருட்டுப் போகாமல் காவல் காக்கிறார் என்று அம்மா சொல்வார்" என்றார் அவர். இமையை மூடும் தசையும் இந்த நோயில் தளரும். ஒரு குடும்பம் முழுவதும் தெரிந்துவைத்திருந்த அறிகுறி அது. பெயர்தான் அவர்களுக்குத் தெரியவில்லை.

நோய்ப்பெயர் தெரிந்ததும் அவர் செய்ததை நான் குறை சொல்லமாட்டேன். தசை தளர்கிறது என்றால் வலுவாக்குவோம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அக்காள் மகனுக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் பழக்கமான பயிற்றுநர் ஒருவர் இருந்தார். தண்டால் எடுக்க முடியவில்லை என்றதும், "மேலே வர நான் உதவுகிறேன், கீழே இறங்கும்போது மட்டும் ஐந்து வரை எண்ணி மெதுவாக இறங்குங்கள்" என்று சொல்லி நாற்பது முறை செய்ய வைத்திருக்கிறார். கம்பியில் தொங்கி மெதுவாக இறங்குவதும் அப்படியே. மூன்றாம் நாள் காலை சிறுநீர் தே-ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் வந்தது.

தசை சுருங்கிப் பாரத்தைத் தூக்குவது ஒரு வேலை. நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கி இறக்குவது வேறு வேலை. தசை இழைகள் அதிகம் கிழிவது இரண்டாவதில்தான். நல்ல தசைக்கு அந்தக் கிழிசல் நான்கு நாள் வலியோடு ஆறிவிடும். சிதைவு நோயுள்ள தசையிடம் ஆற்றிக்கொள்ளும் இருப்பு குறைவு. இவருக்குக் கிரியாட்டின் கைனேஸ் என்ற தசை நொதி 18,000ஐத் தாண்டியிருந்தது. நலமானவர்களுக்குப் பொதுவாக அது 200ஐ ஒட்டியே இருக்கும். நான்கு நாள் மருத்துவமனையில் நரம்பு வழியாக நீர் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு வந்தவர், பயந்துபோய் அசைவதையே விட்டுவிட்டார். லிஃப்டுக்கும் கடை நாற்காலிக்கும் நடுவில் எட்டு மாதம். எடை ஆறு கிலோ கூடியது. அசைய வேண்டிய இடத்தை மாத்திரைகள் பிடித்துக்கொண்டன.

என்னிடம் வந்தபோது

இடது கை எழுபது டிகிரி வரை உயர்ந்தது, வலது கை தொண்ணூறு. படுத்த நிலையில் தலையைத் தூக்கச் சொன்னேன். தொப்புள் மேல்நோக்கி நகர்ந்தது. அடிவயிற்றுத் தசை மேல்வயிற்றைவிடத் தளர்ந்திருப்பதைக் காட்டும் பீவர் அறிகுறி இது. இந்த நோயில் அடிக்கடி பார்க்கலாம். வலது பாதத்தின் முன்பகுதி தொங்கியது. மூன்று மாதத்தில் ஐந்து முறை விழுந்திருந்தார், ஐந்து முறையும் காப்பிக்கடை வாசலில் இருந்த அதே இரண்டங்குல விளிம்பில். தொடைத் தசைகள் ஓரளவு நன்றாகவே இருந்தன. இது முக்கியம். இந்த நோய் தசைகளை ஒரே சீராகத் தொடுவதில்லை. இடமும் வலமும்கூட ஒன்றாகப் போவதில்லை. ஆகவே "இவருக்கு உடற்பயிற்சி நல்லதா" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. தொடைக்கு ஒரு பதில், தோளுக்கு வேறு பதில்.

ஆறு நிமிட நடையில் 372 மீட்டர். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் முப்பது நொடியில் எட்டு முறை எழுந்தார்.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. பாதங்கள் மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் இருப்பதாகச் சொன்னார். பெருவிரலில் இசைக்கவையின் அதிர்வை அவரால் உணர முடியவில்லை. எஃப்எஸ்ஹெச்டி தசைநோய், உணர்வு நரம்பை அது தொடுவதில்லை. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

சீசாக்களின் பின்பக்கம்

இரண்டாவது சீசா விடை சொன்னது. "நரம்புக்கு" என்று வாங்கிய வைட்டமின். ஒரு மாத்திரையில் பி6 200 மில்லிகிராம்; காலையும் மாலையும் ஒன்று. ஏழாவது சீசாவான பன்மை வைட்டமினில் இன்னொரு பத்து. நாளுக்கு 410 மில்லிகிராம், பதினாறு மாதமாக. பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், மிகுந்தாலும் கெடும். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு உச்ச வரம்பு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தன் வரம்பை 12க்கு இறக்கியது. நரம்பியல் மருத்துவர் நீரிழிவு, பி12 குறைவு, தைராய்டு எல்லாவற்றையும் சோதித்தார், எதுவும் இல்லை. மாத்திரை நின்றது. ஐந்தாம் மாதத்தில் ஊசி குத்தல் கணுக்காலிலிருந்து உள்ளங்காலுக்கு இறங்கியது. இன்னும் முழுதாகப் போகவில்லை. நரம்பைக் காப்பதற்கு வாங்கியது நரம்பைத் தின்றது என்று அவரிடம் சொன்ன நாளில் அவர் வெகுநேரம் பேசவில்லை.

முதல் சீசாவில் செவ்வரிசிக் குளிகை இருந்தது. பலதுறை மருந்தகத்தில் கொழுப்புக்கு ஸ்டேட்டின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டேட்டின் தசையைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதால் அதை வாங்காமல், "இயற்கையானது" என்று இதை வாங்கினார். ஒரு வகைப் பூஞ்சையால் அரிசியைப் புளிக்கவைத்துச் செய்வது இது. அதில் ஊறும் மொனாக்கோலின் கே என்ற பொருளும் லோவாஸ்டேட்டின் என்ற மருந்தும் வேதியியலில் ஒன்றேதான். அவர் பயந்து ஓடிய பொருளையே, அளவு தெரியாமல், கண்காணிப்பு இல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள் என்று விசாரித்தேன். "எதுவும் இல்லை என்றேன். அது அரிசிதானே?"

எட்டு மாதம் அசையாமல் இருந்தும் கிரியாட்டின் கைனேஸ் 1,150இல் நின்றது. செவ்வரிசியை நிறுத்தி எட்டு வாரத்தில் 430 ஆனது. இந்த நோயில் அந்த அளவு இயல்புதான். ஒருவரிடம் நடந்ததை வைத்துக் காரணம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்; தேதிகள் பொருந்துகின்றன. ஸ்டேட்டின் தசைநோயாளிக்கு முற்றிலும் ஆகாது என்பதும் சரியல்ல. தேவையானால் இரத்தச் சோதனையோடு கொடுக்கலாம். இவருக்கு மருத்துவர் வேறு வகைக் கொழுப்பு மருந்தைத் தொடங்கினார்.

மூன்றாவது, கல்லீரலுக்கான மூலிகை. இரத்தத்தில் ஏஎல்டி, ஏஎஸ்டி கூடியிருந்ததால் கல்லீரலில் கொழுப்பு என்று ஒரு மருந்தகத்தில் சொன்னார்களாம். இந்த இரண்டு நொதிகளும் தசையிலும் உண்டு. தசை சிதைந்தால் அவையும் இரத்தத்தில் ஏறும். கல்லீரலையும் பித்தநாளத்தையும் சேர்ந்த ஜிஜிடி அளவு இவருக்கு இயல்பாக இருந்தது. வயிற்று ஸ்கேனும் சுத்தம். இல்லாத நோய்க்கு மாதம் நாற்பது வெள்ளி.

நான்காவதில் ஒட்டுத்தாளே இல்லை. வலிக்கு என்று உறவினர் கொண்டுவந்த குளிகை. இத்தகைய பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்படி இருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து: உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவைத்திருக்கும். ஆகவே இதை மட்டும் நான் கையில் எடுக்கவில்லை. மருத்துவர் காலை நேரத்தில் அந்தச் சுரப்பான கார்ட்டிசோலை அளந்து, சரியாக இருந்த பிறகே நிறுத்தச் சொன்னார். சிங்கப்பூரில் ஊட்டச்சத்து மாத்திரைகளை விற்க ஆணையத்தின் முன்அனுமதி தேவையில்லை. பாதுகாப்புக்கு விற்பவர்தான் பொறுப்பு. கடை அலமாரியில் இருக்கிறது என்பதாலேயே யாரோ சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்று நம் மக்கள் நம்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஐந்தாவதில் வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், செலினியம். இதற்குப் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையல்ல. பிரான்சில் 53 எஃப்எஸ்ஹெச்டி நோயாளிகளிடம் 17 வாரம் நடந்தது, 2015இல் வெளிவந்தது. முதன்மையாக அளந்த இரண்டு நிமிட நடை மாறவில்லை. தொடைத் தசையின் வலு சற்றுக் கூடியது. செலினியம் பன்மை வைட்டமினிலும் இருந்ததால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றோம். அவர் இரண்டையும் விட்டார். ஆறாவது மீன் எண்ணெய். தீமை இல்லை, அவர் விருப்பம்.

ஏழு சீசாக்களில் இல்லாத ஒன்றுதான் அவருக்குத் தேவைப்பட்டது. வைட்டமின் டி இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம்தான் இருந்தது. வெயில் கொட்டும் ஊரில் ஏன் என்று கேட்பார்கள். இருட்டில் கடைக்குப் போய், கூரைக்குக் கீழ் நின்று, வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் திரும்பும் கறுத்த தோல்காரருக்கு வெயில் எங்கே படுகிறது? மருத்துவர் அளவு சொல்லிக் கொடுத்தார்.

இதே பையை வேறு நோய் உள்ளவர் கொண்டுவந்திருந்தால் கணக்கே வேறு. நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகச் சேராத மயஸ்தீனியா கிரேவிஸ் உள்ளவருக்குத் தூக்கத்துக்காகவும் தசைப்பிடிப்புக்காகவும் விற்கிற மெக்னீசியம் பலவீனத்தைக் கூட்டலாம். தசை தன் சர்க்கரைச் சேமிப்பைப் பயன்படுத்த முடியாத மெக்கார்டில் நோய் உள்ளவருக்கு அதிக அளவுக் கிரியாட்டின் வலியைக் கூட்டியது என்று சோதனையிலேயே தெரிந்தது. சார்கோ-மாரி-டூத் நரம்புநோய் உள்ளவருக்கு அந்தப் பி6 இவருக்குச் செய்ததைவிடப் பெரிய கேடு செய்திருக்கலாம். "தசைக்கு நல்லது" என்று ஒரு சீசா சொன்னால், எந்த நோயாளியின் தசைக்கு என்று அது சொல்வதில்லை.

பயிற்சி

தோளைத் தொடாமல் தொடையிலிருந்து தொடங்கினோம். சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள், வாரம் மூன்று நாள், முதலில் பத்து நிமிடம். மிதிப்பதில் தசை சுருங்கித் தள்ளுகிறது. பாரத்தை இறக்கும் வேலை அநேகமாக இல்லை. அதனால்தான் அது பாதுகாப்பு. நெதர்லாந்தில் 57 எஃப்எஸ்ஹெச்டி நோயாளிகளிடம் 16 வாரம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், இதயமும் மூச்சும் வேகமெடுக்கும் இத்தகைய ஏரோபிக் பயிற்சி நாள்பட்ட களைப்பைக் குறைத்தது. சிந்தனை-நடத்தைச் சிகிச்சை பெற்ற இன்னொரு குழுவுக்கும் குறைந்தது. களைப்பு தசையில் மட்டும் இல்லை என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். எட்டு மாதம் பயந்து கிடந்த ஒருவருக்கு அந்தச் செய்தி மிதிப்பதைப் போலவே தேவைப்பட்டது.

எவ்வளவு சிரமம் என்பதற்குப் போர்க் அளவுகோல். 6 முதல் 20 வரை. நாங்கள் 12, 13ஐத் தாண்டவில்லை. எண் மறந்துபோனால், மிதித்துக்கொண்டே வாடிக்கையாளரிடம் விலை சொல்ல முடிகிறதா என்று பாருங்கள் என்றேன். முடியவில்லை என்றால் அதிகம். அவருக்கு மூன்று எல்லைகள் எழுதிக் கொடுத்தேன்: வலி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் அடுத்த முறை பாதி, மறுநாள் காலை மாவு பிசையக் களைப்பாக இருந்தாலும் பாதி, தே-ஓ நிறம் வந்தால் எனக்குத் தொலைபேசியில் சொல்லக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவு.

நான்காம் வாரத்துக்குப் பிறகு ரெட்ஹில் அருகே உள்ள எனேபிளிங் வில்லேஜ் உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாறினார். உடற்குறை உள்ளவர்களும் பயன்படுத்தும்படி அமைத்த இடம் அது. சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் பக்கத்தில் கையால் மிதியைச் சுழற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, "அங்கே யாரும் என் தோளைப் பார்க்கவில்லை, தங்கச்சி" என்றார். நான் கொடுத்த எந்தப் பயிற்சியைவிடவும் அது அவரைத் திரும்பத் திரும்ப அங்கே போக வைத்தது.

ஒன்பதாம் வாரத்தில் தவறு செய்தேன். சைக்கிள் நன்றாகப் போகிறது என்ற நம்பிக்கையில் கைமிதி சேர்த்தேன், ஐந்தே நிமிடம்தான். ஆனால் அன்று சனிக்கிழமை. விடியற்காலையிலிருந்து முந்நூறு பரோட்டாவுக்கு மேல் வீசிவிட்டு வந்திருந்தார். நான் அதைக் கேட்கவில்லை. மூன்று நாள் இடது கையைத் தூக்க முடியவில்லை. நொதி 900க்கு ஏறியது. அதன்பின் பயிற்சிக் கணக்கில் கடை வேலையையும் சேர்த்து எழுதத் தொடங்கினோம். அவருடைய தோளுக்கு உண்மையான உடற்பயிற்சிக் கூடம் கடைதான் என்பது எனக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்குப் போய்ப் பார்த்தேன். கல்லும் பலகையும் அப்பாவின் உயரத்துக்குப் போட்டவை. இவர் அப்பாவைவிடக் குள்ளம். முழங்கை எப்போதும் தோளை நோக்கி உயர்ந்தே இருந்தது. நிற்கும் இடத்தில் பத்து சென்டிமீட்டர் மேடை போட்டதும் முழங்கை இறங்கியது. மாவு பிசைய இயந்திரம் வந்தது. மிச்சம் இருந்தது வீசுவது. ஒவ்வொரு வீச்சிலும் மாவு கீழே விழும்போது தோள் அதை இறக்கித் தாங்குகிறது. தண்டாலில் அவரைக் கெடுத்த அதே வேலை, சிறு சிறு அளவில் நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை. பலகையில் எண்ணெய் தடவி இழுத்தே விரிக்கலாமே என்றேன். "வீசாத பரோட்டா பரோட்டாவே இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதில் நான் வற்புறுத்தவில்லை. இரண்டு மாதம் கழித்து அக்காள் மகனைப் பலகையில் நிறுத்தி வீசக் கற்றுக்கொடுத்தார். இவர் கல்லில் திருப்புகிறார், கணக்கைப் பார்க்கிறார், காலையில் முதல் பத்து உருண்டையை மட்டும் தாமே வீசுகிறார். அந்தப் பத்தை நான் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன், குறைக்கச் சொல்லவில்லை.

தொங்கும் பாதத்துக்குக் கரிம இழையில் செய்த கணுக்கால் தாங்கி. காப்பிக்கடை உரிமையாளர் வாசல் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டிச் சரிவுப் பலகை வைத்தார். விழுவது குறைந்ததற்குத் தசையைவிட இந்த இரண்டும்தான் பெரும் காரணம்.

சாப்பாடு

புரத மாவு வாங்க வேண்டுமா என்று கேட்டார். அவர் எடைக்கு நாளுக்கு எண்பது கிராம் புரதம் போதும் என்று உணவியல் வல்லுநர் கணக்கிட்டார். அவர் நாளெல்லாம் பரோட்டாவும் தேநீரும் சாப்பிட்டு, இரவு மட்டும் மீன் சாப்பிடுபவர். காலையில் இரண்டு முட்டை, மதியம் டெம்பே (புளிக்கவைத்த சோயா) அல்லது தௌகுவா (கெட்டிச் சோயாக்கட்டி), இரவு மீன் என்றதும் கணக்கு ஏறக்குறைய நிறைந்துவிட்டது. நூறு கிராம் டெம்பேயில் சுமார் 19 கிராம் புரதம் இருக்கிறது. ஈரச்சந்தையில் விலையும் மலிவு. புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் மீனும் முட்டையும் நிற்கும்போது பருப்பையும் தயிரையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அவருடைய மனைவி குறித்துக்கொண்டார்.

கிரியாட்டின் பற்றி ஆறாம் மாதத்தில் அவரே கேட்டார். தசைச்சிதைவு நோய்களில் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வில் தசை வலு சராசரியாக 8 சதவீதம் அளவுக்குக் கூடியிருந்தது. இந்தத் துறையில் ஊட்டச்சத்துப் பொருள் ஒன்றுக்கு இவ்வளவு ஆதாரம் அரிது. மருத்துவர் ஒப்புக்கொண்டார். கிரியாட்டின் சாப்பிட்டால் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஏறிச் சிறுநீரகம் கெட்டதுபோல் காட்டும். தசை குறைந்தவருக்கு அதே அளவு தாழ்ந்து, கெட்ட சிறுநீரகத்தையும் நல்லதாகக் காட்டும். இரண்டு பக்கமும் பொய் சொல்லக்கூடிய அந்த எண்ணை நம்பாமல், தசையின் அளவைப் பொறுத்து அதிகம் மாறாத சிஸ்டாட்டின் சி பார்த்தார்கள். நாளுக்கு மூன்று கிராம், பன்னிரண்டு வாரம். எங்கள் அளவுகளில் வித்தியாசம் தெரியவில்லை. நிறுத்தினோம், நிறுத்தியபோதும் தெரியவில்லை. சராசரி என்பது எல்லாருக்கும் கிடைப்பதல்ல. டப்பாவை மூடிவைத்தார்.

ஒன்பதாம் மாதம்

ஆறு நிமிட நடை 418 மீட்டர். நாற்காலியிலிருந்து பதினொரு முறை எழுந்தார். எடை நான்கு கிலோ குறைந்தது. மூன்று மாதத்தில் ஒரே ஒரு முறை விழுந்தார். இடது தோள் அதே எழுபது டிகிரி. அது மேலும் தளராமல் இருப்பதையே நான் எதிர்பார்த்தேன். இந்த நோய்க்கு அங்கீகாரம் பெற்ற மருந்து இன்னும் இல்லை. பெரிதும் நம்பியிருந்த லாஸ்மாப்பிமோட் 2024இல் மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. அந்தச் செய்தி வந்த அன்று அவர் சைக்கிள் மிதிக்க வரவில்லை. அடுத்த நாள் வந்தார்.

மகளுக்குப் பதினேழு வயது. இந்த நோயில் உதட்டுத் தசை தளர்ந்தால் சீழ்க்கை வராது. சீழ்க்கை அடிக்க வருமா என்று அவளிடம் கேட்க அவருக்குத் துணிவில்லை. அறிகுறி இல்லாத பிள்ளைக்குச் சோதனை செய்வதா என்பதைப் பதினெட்டு ஆனபின் அவளே முடிவு செய்யட்டும் என்று மரபணு ஆலோசகர் சொல்லியிருக்கிறார். ஞாயிறுதோறும் இருவரும் நீச்சல் குளத்துக்குப் போகிறார்கள். கழுத்தளவு நீரில் நின்றால் அவருடைய கை தானாக மிதந்து தோள் உயரத்துக்கு வருகிறது.

சென்ற வாரம் அவருடைய தங்கை எங்கோ விளம்பரத்தைப் பார்த்துப் புதிய சீசா ஒன்று வாங்கிவந்திருக்கிறார். இரவு பத்து மணிக்கு இவர் எனக்கு அதன் படத்தை அனுப்பியிருந்தார். முன்பக்கம் இல்லை, பொடி எழுத்து நிறைந்த பின்பக்கம் மட்டும், மூன்றாம் வரியில் விரலை வைத்து.